மலைக்காற்றும் காபரேட்டர்க் கலவையும்
பெற்றோல் ஒரு பங்கு செவ்வனே எரிய, எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். 5,000 அடிக்கு மேலுயர்ந்த நானுஓயாவிலோ காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழிலொரு பங்கு குறைவு. ஆதலின் கொழும்பில் நன்றாயோடிய பழைய கார் ஈண்டுக் கரும்புகை கக்கும்.

1980களின் ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் இக்குறையைக் கணினி திருத்துகிறது. புகைபோக்கியிலுள்ள ஒட்சிசன் உணரி சூடேறியபின் 0.45 வோல்ற்றுக்கு மேற்படின் பெற்றோல் மிகுதி. குறையின் காற்று மிகுதி. சீரான எஞ்சினில் வோல்ற்றுமானியின் முள் இடையறாது ஏறியிறங்கும். உயர்ந்தே நிற்பின், திருகாணியைத் தொடுமுன் சோக் முற்றும் திறந்துளதா, காற்றுவடி அடைபட்டுளதா எனக் காண்க.

பிளக் தீப்பொறி தவறினால் எரியாத ஒட்சிசன் வெளியேறும். உணரி அதனைப் பெற்றோற் குறைவென உரைக்க, கணினி மேலும் பெற்றோலைக் கூட்டும். பழுது தீப்பொறியில், பழியோ காபரேட்டர்மீது! கணினியின் திருத்தெல்லைக்கு அப்பால் ஈண்டு இறுக்கிய திருகாணி, கொழும்புக்கு இறங்கியதும் கலவையை வறளச்செய்து எஞ்சினைக் கொதிப்பேற்றும்.