துப்பாக்கியில் இருப்பது செய்தவர் பெயரா, விற்றவர் பெயரா? கல்கத்தா 'ரோடா' கடையின் கதை!

வீட்டில் இருக்கும் பழைய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். விளிம்பில் ஒரு பெயர் வெட்டியிருக்கும். அது பாத்திரத்தைச் செய்தவர் பெயர் இல்லை. கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ அதை வாங்கிக் கொடுத்தவர் பெயர். செய்தவர் யார் என்று நாம் கேட்டதே இல்லை.

நூறு வருடங்களுக்கு முந்தைய யானை, புலி வேட்டைத் துப்பாக்கிகளிலும் இதே கதைதான். பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் அடிக்கடி முட்டி நிற்கும் ஒரு பெயர், 'ஆர்.பி.ரோடா அண்ட் கோ, கல்கத்தா'. பெரிய குழல் கொண்ட இரட்டைக்குழல் ரைஃபிள்களில் இந்தப் பெயர் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 'இவ்வளவு நுட்பமான ரைஃபிளைக் கல்கத்தாவில் செய்தார்களா?' என்ற கேள்வி உடனே எழும்.

எதற்கு இரண்டு குழல்?

பாய்ந்து வரும் காட்டெருமைக்கு முன்னால் நிற்பவருக்கு, முதல் குண்டு தவறினால் அடுத்த குண்டை ஏற்றுவதற்கு நேரமிருக்காது. இரட்டைக்குழல் ரைஃபிளில் இரண்டாவது குண்டு ஏற்கெனவே தயாராக இருக்கும். விசையை அழுத்தினால் போதும்.

அளவும் மிரட்டலானது. 'நான்கு போர்' என்றால், ஒரு பவுண்டு ஈயத்தில் நான்கே நான்கு உருண்டைகள் செய்தால் ஓர் உருண்டை எந்த அளவு இருக்குமோ, அந்த அளவு குழல். அதாவது, ஓர் ஈய உருண்டையே சுமார் 113 கிராம்!

இதைச் செய்வதில் கஷ்டமான வேலை, இரண்டு குழல்களையும் ஒரே இடத்தில் சுட வைப்பது. குழல்களைச் சேர்த்துப் பற்றவைத்து, சுட்டுப் பார்ப்பார்கள். குண்டுகள் விலகிப் போனால் பற்றவைப்பை இளக்கி, முனையை இம்மியளவு நகர்த்தி, மறுபடி சுடுவார்கள். குறி ஒன்று சேரும்வரை இதுதான் வேலை. கையும் கண்ணும் பழகிய தொழிலாளியால்தான் முடியும்.

பெயரை விடுங்கள், அடியில் பாருங்கள்!

அந்தத் தொழிலாளிகள் பெரும்பாலும் இருந்தது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில். அங்கே செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றியிருந்த தெருக்களுக்கே 'துப்பாக்கிப் பேட்டை' என்றுதான் பெயர். குழல் செய்பவர் ஒரு வீட்டில், விசைப்பொறி ராவுபவர் இன்னொரு வீட்டில், மரக்கட்டை செதுக்குபவர் அடுத்த தெருவில். எல்லாம் சேர்ந்து முழு ரைஃபிளாகும்போது, எந்தக் கடை ஆர்டர் கொடுத்ததோ அந்தக் கடையின் பெயர் அதில் ஏறும். அப்படிப் பெயர் ஏறி கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்தவைதான் ரோடா ரைஃபிள்கள்.

உண்மையான பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்க, குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அதிக மருந்து போட்டுச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்துவது சட்டம். பர்மிங்காமில் இதற்கான சோதனைச் சாலை 1813-ல் அமைந்தது. லண்டன் முத்திரை வேறு, பர்மிங்காம் முத்திரை வேறு. கிரீடத்துக்குக் கீழே 'பிவி', 'என்பி' என்ற எழுத்துகள் இருந்தால் பர்மிங்காம். அதுவும் 1904-க்குப் பிறகு. கிரீடத்தோடு குறுக்கே இரண்டு செங்கோல்கள் இருந்தால் அதற்கும் முந்தையது. பக்கத்திலேயே தீக்குச்சித் தலையளவில் இரண்டு எழுத்துகள் இருக்கலாம். அது குழல் செய்தவரின் இனிஷியல். அவர் விட்டுச் சென்ற ஒரே கையெழுத்து!

குழலின் அளவும் சாட்சி சொல்லும். 1907-ல் .450 ரக ரைஃபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. அந்தத் தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர்களின் பழைய ராணுவ ரைஃபிள்களுக்குப் போய்விடும் என்ற பயம்தான் காரணம். தடையைத் தாண்டவே .465, .470, .475 என்று புது அளவுகள் பிறந்தன. எனவே, இந்த அளவில் ஒரு ரைஃபிள் கிடைத்தால் அது எந்தக் காலத்தது என்று ஊகித்துவிடலாம்.

பயந்தது வேறு, நடந்தது வேறு

அரசு தோட்டா அளவைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தபோது, ஆபத்து கடை ஊழியர் வடிவில் வந்தது.

1914 ஆகஸ்ட் 26, புதன்கிழமை. ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கைச் சுங்க அலுவலகத்திலிருந்து எடுத்துவருவது ஸ்ரீஷ் சந்திர மித்ரா என்ற ஊழியரின் வேலை. அன்றைக்கு அவர் எடுத்தது 202 பெட்டிகள். வான்சிட்டார்ட் ரோவில் இருந்த கிடங்குக்கு வந்து சேர்ந்ததோ 192 பெட்டிகள். 'மிச்சத்தை எடுத்து வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பவே இல்லை. கம்பெனி போலீஸுக்குச் சொன்னது மூன்று நாள் கழித்துத்தான்!

காணாமல்போன 10 பெட்டிகளில் இருந்தவை, 50 மவுசர் பிஸ்டல்கள், 46,000 தோட்டாக்கள். பெட்டிகள் போன மாட்டுவண்டியை ஓட்டியவர், வண்டிக்காரர் வேடத்தில் இருந்த புரட்சியாளர் ஹரிதாஸ் தத்தா. 44 பிஸ்டல்கள் உடனடியாக ஒன்பது புரட்சிக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கத்தியால் புலியைக் கொன்று 'பாகா' பட்டம் பெற்ற ஜதீந்திரநாத் முகர்ஜி, 1915 செப்டம்பரில் ஒடிசாவின் பாலசோர் அருகே நான்கு தோழர்களுடன் போலீஸை எதிர்த்து நின்றபோது கையில் இருந்ததும் மவுசர்தான். காயமடைந்த அவர் மறுநாள் இறந்துபோனார். புலி வேட்டைக்குத் துப்பாக்கி விற்ற கடையின் பெயர், இப்படி விடுதலைப் போராட்ட வரலாற்றில் ஏறியது.

அந்தத் துப்பாக்கிகளைப் போலீஸ் தேடியதும் முத்திரை வழியாகத்தான். ஒவ்வொரு பிஸ்டலிலும் ஓர் எண் இருந்தது. அந்த எண்கள் ரோடாவின் கணக்குப் புத்தகத்திலும் இருந்தன. எங்காவது ஒரு மவுசர் பிடிபட்டால், எண்ணைப் பார்த்தே 'இது ரோடா சரக்கு' என்று சொல்லிவிட முடிந்தது. அப்படியும் 1918-ல் ரௌலட் கமிட்டி அறிக்கை வந்தபோது, திரும்பக் கிடைத்திருந்தவை 31 மட்டுமே.

இன்றைக்கு ரோடா ரைஃபிள் ஒன்று ஏலத்துக்கு வந்தால், குழலின் மேலிருக்கும் பெயரைவிட அடியில் இருக்கும் குட்டி எழுத்துகளைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள். பர்மிங்காமில் யாரோ ஒரு தொழிலாளி, நூறு வருடங்கள் கழித்து அப்படியாவது வெளிச்சத்துக்கு வருகிறார்.

ஸ்ரீஷ் சந்திர மித்ராவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பத்துப் பெட்டிகளோடு போன அந்த ஊழியர், கடைசியில் என்ன ஆனார் என்பது உறுதியாகத் தெரியவில்லை.