ஆட்டம் முடிந்த பிறகும் அடுப்பு எரிய வேண்டும்

அரசு வேலை, விளம்பரம், ஏலம் என்று விளையாட்டில் சம்பாதிக்க வழிகள் பெருகிவிட்டன. தொகையும் பெருகியிருக்கிறது. பெருகாதது அதைப் பெறுகிறவர்களின் எண்ணிக்கை.

பெங்களூரிலிருந்து தெற்கே 36 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது ஆனேக்கல். பட்டுத் தறிக்கும் கரக விழாவுக்கும் பெயர் பெற்ற பழைய ஊர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 44 ஆயிரம். கடைத்தெருவில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் புழங்கும். தாலுகாவின் ஒரு முனையில் எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள். மறுமுனையில் தமிழ்நாட்டு எல்லையான அத்திப்பள்ளி. நடுவே பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள். மிச்சமிருக்கும் காலி மனைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் மைதானங்கள். டென்னிஸ் பந்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு கோப்பை, கூடவே ஒரு கவரில் ரொக்கம் - எல்லையின் இரு பக்கத்து ஊர்களுக்கும் இது பழகிப்போன காட்சி.

ஆடுகிற பையன்களின் அப்பாக்களுக்குப் பழகிப்போன கேள்வியும் ஒன்று உண்டு: "இது சோறு போடுமா?"

இந்தக் கேள்விக்கான பதில் கடந்த 75 ஆண்டுகளில் மூன்று முறை மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களைப் பார்க்க ஆனேக்கல் தாலுகா வசதியான இடம். வடக்கே பெங்களூர். தெற்கே அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஒசூர், கிருஷ்ணகிரி, சேலம். பெரிய பதில்கள் பலவும் இந்த நெடுஞ்சாலையின் ஏதாவதொரு முனையிலிருந்துதான் வந்தன.

சம்பளமும் குவார்ட்டர்ஸும்

முதல் பதில்: வேலை. பெங்களூர் கன்டோன்மென்ட்டின் தமிழ்ப் பேட்டைகள் ஒரு காலத்தில் கால்பந்தால் மூச்சு விட்டன. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா 2-1 என்று தோற்றது. அன்று இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். மைசூர் அணி 1946, 1952, 1967, 1968 என்று நான்கு முறை சந்தோஷ் டிராபியை வென்றது.

ஆனால் கோல் அடித்தால் கைத்தட்டல் கிடைத்ததே தவிர காசு கிடைக்கவில்லை. வீரர்களைக் காப்பாற்றியவை பொதுத்துறைத் தொழிற்சாலைகள். ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற நிறுவனங்கள் சொந்த அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவருக்கு வேலை, மாதச் சம்பளம், பி.எஃப்., சிலருக்குக் குவார்ட்டர்ஸ். 1977ல் கொச்சியில் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், கல்கத்தாவின் மோகன் பகானை 1-0 என்று வீழ்த்தியது ஒரு தொலைபேசித் தொழிற்சாலை அணி - பெங்களூர் ஐ.டி.ஐ.

1980ல் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் பட்டத்தை வென்ற பிரகாஷ் படுகோனேகூட யூனியன் வங்கி ஊழியராக இருந்தவர்தான். அந்தக் காலத்து ஏற்பாட்டில் யாரும் பணக்காரராகிவிடவில்லை. ஆனால் முட்டி உடைந்த மறுநாளும் வேலை இருந்தது. ஓர் அணிக்கு இருபது பேர் என்றால் இருபது வீடுகளில் அடுப்பு எரிந்தது.

முகத்துக்கு விலை

இரண்டாவது பதில் தொலைக்காட்சியோடு வந்தது. ஒரு காலத்தில் ஆட்டத்தை ஒளிபரப்ப தூர்தர்ஷனுக்கே கிரிக்கெட் வாரியம் பணம் கட்டிக்கொண்டிருந்தது. 1993ல் வாரியம் ஒளிபரப்பு உரிமையை வெளியாருக்கு விற்கத் தொடங்கியது. வான் அலைகள் அரசின் ஏகபோகம் அல்ல என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு வந்து இறங்கிய சோப்பு, குளிர்பான, டயர் கம்பெனிகளுக்கு வீடு வீடாகத் தெரிந்த ஒரு முகம் தேவைப்பட்டது.

அந்த முகத்துக்கு விலை போட்டவர் ஒரு பெங்களூர்க்காரர். அமெரிக்காவில் வேர்ல்டு டெல் நிறுவனத்தை நடத்திய மார்க் மஸ்கரேனஸ், 1995ல் சச்சின் டெண்டுல்கரோடு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டார். தொகை சுமார் ரூ. 30 கோடி என்று அப்போது செய்தி வெளியானது. பெருமூச்சு விட்டவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. மஸ்கரேனஸ் 2002ல் நாகபுரி அருகே சாலை விபத்தில் இறந்தார். ஆனால் அவர் நிரூபித்த விஷயம் நிலைத்துவிட்டது: ஆட்டக்காரர் ஆடுவதற்கு ஒரு கூலி, ஆடுகிறவராக இருப்பதற்கு இன்னொரு கூலி. இரண்டாவதுதான் பெரியது.

இந்த இரண்டாவது கூலி சதத்தால் மட்டும் வருவதில்லை. பெயருக்கு ஒரு குணம் சேர வேண்டும். பெங்களூரின் ராகுல் திராவிட் நல்ல உதாரணம். அப்பா கிஸான் ஜாம் கம்பெனியில் வேலை பார்த்ததால் 'ஜாமி' என்று பட்டப்பெயர். பிறகு ஜாம் விளம்பரத்திலேயே வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர் என்ற பெயரைப் பல ஆண்டுகளில் சம்பாதித்தார். 2021ல் ஒரு விளம்பரத்தில் பெங்களூர் டிராஃபிக்கில் மட்டையால் கார்க் கண்ணாடியை உடைத்து, தன்னை இந்திரா நகர் ரவுடி என்று அறிவித்துக்கொண்டார். நாடே சிரித்தது. வேறு யார் செய்திருந்தாலும் அது வெறும் கூச்சல்.

அந்தப் பெயர் காமிராவுக்கு வெளியிலும் காப்பாற்றப்பட்டது. 2018ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது பயிற்சியாளர் திராவிடுக்கு ரூ. 50 லட்சமும் மற்ற உதவியாளர்களுக்கு ரூ. 20 லட்சமும் அறிவிக்கப்பட்டன. எல்லோருக்கும் ஒரே தொகை வேண்டும் என்றார் அவர். கடைசியில் ஆளுக்கு ரூ. 25 லட்சம் கிடைத்தது. திராவிடின் பங்கு பாதியானது.

ஒரே நாளில் கோடி

மூன்றாவது பதில்: ஏலம். ஐ.பி.எல். 2008ல் தொடங்கியது. அதன் 2023-27 ஒளிபரப்பு உரிமை ரூ. 48,390 கோடிக்கு விற்றது. அந்தப் பணத்தில் ஒரு துளி எங்கே தெறிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. 2017ல் அது சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் தெறித்தது.

டி. நடராஜனின் அப்பா தறித் தொழிலாளி. அம்மா சாலையோரம் கோழிக்கறி விற்றவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். பிறகு சென்னை லீக்கில் நான்காவது டிவிஷன். 2015ல் முதல் ரஞ்சி ஆட்டம். உடனே பந்துவீச்சு முறை மீது சந்தேகம், அதைத் திருத்த ஏறக்குறைய ஓராண்டு. 2016ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஒரு சூப்பர் ஓவரில் வரிசையாக யார்க்கர்கள். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை ரூ. 10 லட்சம், பஞ்சாப் அணி கொடுத்தது ரூ. 3 கோடி.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா. அடுத்த ஏலத்தில் அவர் விலை ரூ. 40 லட்சம். 2018லும் 2019லும் ஹைதராபாத் அணியில் இருந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2020ல் மீண்டும் யார்க்கர்கள், 16 விக்கெட்டுகள், வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியப் பயணம். அந்த ஒரே பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் களமிறங்கினார். ஊர் அவரை ரதத்தில் ஏற்றியது. 2022ல் விலை ரூ. 4 கோடி, 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி கொடுத்தது ரூ. 10.75 கோடி. ஆனால் 2025 சீசனில் அவர் களமிறங்கியது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களில்தான்.

3 கோடி, 40 லட்சம், 4 கோடி, 10.75 கோடி. ஒரே கை, ஒரே யார்க்கர். ஏலத்தில் விலை போவது திறமை மட்டுமல்ல. அந்த வருடத்தின் தேவையும்தான்.

கபடிக்கும் ஏலம் வந்தது. 2014ல் புரோ கபடியின் முதல் ஏலத்தில் அதிகபட்ச விலை ராகேஷ் குமாருக்குக் கிடைத்த ரூ. 12.80 லட்சம். நான்கே ஆண்டுகளில், 2018ல், மோனு கோயத் ரூ. 1.51 கோடிக்குப் போனார். அந்த சீசனில் பெங்களூர் புல்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்த பவன் செஹ்ராவத்துக்கு 2023 ஏலத்தில் கிடைத்தது ரூ. 2.60 கோடி.

ஏலம் எட்டாத இடம்

கோடிகளைப் பார்த்துப் பையனைப் படிப்பிலிருந்து நிறுத்துவதற்கு முன் ஆனேக்கல் அப்பாக்கள் போட வேண்டிய கணக்கு வேறு. ரஞ்சி வீரருக்கு, 2021ல் வாரியம் அறிவித்தபடி, 20 ஆட்டங்கள் வரை ஆடியவர் என்றால் நாளுக்கு ரூ. 40 ஆயிரம், 40 ஆட்டங்களைத் தாண்டியவருக்கு ரூ. 60 ஆயிரம். ஏழு லீக் ஆட்டங்கள், தலா நான்கு நாள் என்றால் 28 நாட்கள். புது வீரருக்கு ரூ. 11.20 லட்சம். அணியில் இருந்தும் களமிறங்காதவருக்குப் பாதி. நல்ல தொகைதான். ஆனால் கர்நாடகம் முழுவதற்கும் பதினோரு இடங்கள். இருபது கிலோ மீட்டருக்குள் இருக்கும் ஒசூர்ப் பையனுக்கு வேறு சங்கம், வேறு லீக், சென்னைக்கு ரயில். ஆனேக்கல் பையனுக்குப் பெங்களூர் கிளப்பும் அதிகாலைப் பஸ்ஸும்.

மற்ற விளையாட்டுகளில் ஏணி இன்னும் ஒல்லி. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் இளம் வீரருக்கு மாதம் ரூ. 10 ஆயிரம் கைச்செலவுக்கு. ஒலிம்பிக் பதக்கத்துக்குத் தயாராகும் 'டாப்ஸ்' பட்டியலில் ஏறினால் ரூ. 50 ஆயிரம். பட்டியலிலிருந்து விழுந்தால் அதுவும் நிற்கும்.

விழுவது எப்படி இருக்கும் என்று புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனுக்குத் தெரியும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். தமிழக அரசு கொடுத்த ரூ. 15 லட்சம் இருந்தும், 2012ல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலி. பரிசு ஒருமுறை வருவது. பசி தினமும் வருவது. பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமோ படித்த பிறகே, பயிற்சியாளர் வேலை மூலம் மறுபடி மைதானத்தில் அவருக்கு ஓர் இடம் அமைந்தது.

இதே கணக்கை முன்கூட்டியே போட்டவர் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. சிகிச்சைக்கு வாங்கிய ரூ. 3 லட்சம் கடனைக் காய்கறி விற்று அடைத்துக்கொண்டிருந்தார் அம்மா. 2015ல் பயிற்சியாளர் சத்யநாராயணாவை நம்பிப் பெங்களூருக்கு வந்தார் மகன். மறு ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். தமிழக அரசு ரூ. 2 கோடி, மத்திய அரசு ரூ. 75 லட்சம். படித்த பள்ளிக்கு ரூ. 30 லட்சம் கொடுத்தார்.

இவ்வளவு வந்த பிறகும், 2021ல் டோக்கியோவில் வெள்ளி வென்ற கையோடு, தமிழ்நாடு காகித நிறுவனத்தில் வேலையை ஏற்றுக்கொண்டார். பழைய ஐ.டி.ஐ. வீரர்கள் பெற்ற அதே மாதச் சம்பளம் என்ற பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்போடு 2024ல் பாரீஸ் போய் வெண்கலமும் கொண்டு வந்தார்.

இரண்டாவது இன்னிங்ஸ்

விளையாட்டில் நிலைத்தவர்களிடம் பொதுவாக ஒன்று தெரிகிறது. ஒரு வருமானம் வற்றுவதற்குள் அதை அடுத்த வருமானமாக மாற்றிவிடுகிறார்கள். வங்கி ஊழியரான படுகோனே டென்மார்க் போய் ஆடினார், 1994ல் பி.பி.எல். ஆதரவோடு பெங்களூரில் அகாதெமி தொடங்கினார். லக்ஷ்யா சென் அங்கே வளர்ந்தவர். இஞ்சினியரிங் படித்த அனில் கும்ப்ளே 2010ல் டென்விக் என்ற விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இருவருமே தங்கள் முகத்தை மட்டுமல்ல, தங்களுக்குத் தெரிந்த வித்தையையும் முதலீடாக்கியவர்கள்.

நடராஜனும் அதைத்தான் செய்தார். தன்னைச் சென்னைக்கு அனுப்பி வைத்த ஜெயப்பிரகாஷின் முதலெழுத்துகளை ஐ.பி.எல். சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டுக்கொண்டவர், 2023ல் சின்னப்பம்பட்டியில் சொந்தச் செலவில் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். அடுத்த ஏலத்தில் நடராஜனின் விலை ஏறலாம், இறங்கலாம். மைதானம் இருக்கும்.

ஆனேக்கல் அப்பாக்களின் கேள்விக்கு இன்று ஒற்றை வரியில் பதில் இல்லை. பையன் யார்க்கர் போடட்டும். பத்தாம் வகுப்பும் எழுதட்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை வந்தால் ஏலத்தை எண்ணி அதைத் தள்ளிவிட வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடுப்பு உயரக் கோப்பையைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தூக்குவார்கள். அவர்களில் ஒருவர் ஏலத்துக்குப் போனாலே அதிசயம். மற்றவர்கள் திங்கட்கிழமை எங்கே போவார்கள் என்பதற்கு ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. காலத்தில் ஒரு பதில் இருந்தது. 48,390 கோடி புரளும் காலத்தில் அந்தப் பதில்தான் அரிதாகிக்கொண்டிருக்கிறது.