ஃபார்மேட் அடிக்கும் முன்

கோவில்பட்டியில் எந்தச் செல்போன் கடையில் அரைமணி நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். “அண்ணாச்சி, ஜிபேயைக் காணோம். நேத்து ராத்திரி வரைக்கும் இருந்துச்சு.” கடைக்காரர் போனை வாங்கி இரண்டு தடவை தள்ளிப் பார்ப்பார். “ஒண்ணுமில்லக்கா, ஃபார்மேட் அடிச்சா சரியாயிரும்” என்பார். அந்த அக்காவும் தலையாட்டிவிடுவார்.

கொஞ்ச நேரத்தில் போன் புதுசுபோல் ஆகிவிடும். ஜிபே ஐகானும் வந்துவிடும். ஆனால் மகளின் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்திருந்த படம், பயிர்க் காப்பீடு கட்டிய ரசீது, தீப்பெட்டிக் கம்பெனியில் வாங்கிய சம்பளக் கணக்கு, தண்ணீரில் நின்ற உளுந்தைப் பிடித்த வீடியோ என்று வேறெங்கும் பிரதி இல்லாதவை அத்தனையும் போய்விடும். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் அது தெரியவரும்.

இப்படிப் போனது திரும்பாது. ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த புதிய போன்கள் எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும் தகவல் குறியாக்கம் செய்தே சேமிக்கப்படுகிறது. ஃபார்மேட் அடிக்கும்போது அந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் சாவியே அழிகிறது. அதன்பிறகு மதுரைக்குக் கொண்டுபோனாலும் சென்னைக்குக் கொண்டுபோனாலும் பயனில்லை. ஆகவே முதல் எச்சரிக்கை இதுதான்: ஐகான் காணவில்லை என்பதற்காகவோ, ஒரு படம் அழிந்துவிட்டது என்பதற்காகவோ ஃபார்மேட் அடிக்க விடாதீர்கள்.

ஐகான் என்பது ஆப்பைத் திறக்கும் ஒரு குறுக்குவழி மட்டும். முகப்புத் திரையிலிருந்து அதை விரல் தெரியாமல் இழுத்துப் போட்டுவிடலாம். குழந்தை விளையாடும்போது போயிருக்கலாம். ஆப் உள்ளேயே இருக்கும். திரையின் அடியிலிருந்து மேலே தள்ளினால் எல்லா ஆப்களும் வரிசையாக வரும். மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரை அடித்தால் போதும். கிடைத்ததும் அதை அழுத்திப் பிடித்து முகப்புக்கு இழுத்துவிடலாம். எல்லா ஐகானையும் முகப்பிலேயே வைக்கும் போன்களில் அது வேறொரு ஐகானோடு ஒட்டி ஃபோல்டருக்குள் போயிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பாருங்கள்.

அங்கும் இல்லையென்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போக வேண்டும். ‘டிசேபிள்ட்’ என்று இருந்தால் ‘எனேபிள்’ கொடுத்தால் வந்துவிடும். சாம்சங்கில் முகப்புத் திரை செட்டிங்ஸுக்குள் ‘ஹைட் ஆப்ஸ்’ என்று ஓர் இடம் உண்டு. மற்ற கம்பெனி போன்கள் பலவற்றிலும் இதுபோல மறைக்கும் வசதி இருக்கிறது. ஐகான் இருந்தும் அதன்மேல் சின்ன மேகப்படம் தெரிந்தால், இடம் பற்றாமல் பிளே ஸ்டோர் அந்த ஆப்பைச் சுருக்கி வைத்திருக்கிறது என்று பொருள். தொட்டால் மறுபடி இறங்கும். ஆப்பே நீக்கப்பட்டிருந்தால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்’ போய், ‘மேனேஜ்’ பக்கத்தில் ‘நாட் இன்ஸ்டால்ட்’ என்று மாற்றினால் முன்பு வைத்திருந்த ஆப்களின் பட்டியல் அப்படியே கிடக்கும். ஐபோனில் கடைசிப் பக்கத்தையும் தாண்டி இடப்பக்கம் தள்ளினால் ‘ஆப் லைப்ரரி’ வரும்.

பணம் அனுப்பும் ஆப் போனதும் பணமே போய்விட்டதாகப் பதறுகிறார்கள். பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அதே போனில் இருக்கட்டும். ஆப்பை மறுபடி இறக்கி உள்ளே நுழைந்தால் கணக்கு இணைந்துவிடும். இந்த இடத்தில் பலர் செய்யும் பெரிய தவறு, கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ தேடுவது. மேலே வரும் எண்களில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவையும் கலந்திருக்கும். உதவி வேண்டுமானால் ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தையோ பாஸ்புக்கில் அச்சடித்த எண்ணையோ மட்டும் பாருங்கள்.

ஐகான் மறைவதில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய வகை ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் ‘பிஎம் கிசான்’ என்ற பெயரில் ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்று வரும். தவணை 2,000 ரூபாய் நின்றுபோன விவசாயிக்கு அதைத் தொடாமல் இருக்க மனம் வராது. இந்த மோசடி பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு 2024இலேயே எச்சரித்தது. போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி, கல்யாணப் பத்திரிகை என்று வேறு பெயர்களிலும் வருகிறது. தொட்டு இறக்கியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்ததும் பல நேரம் தன் ஐகானைத் தானே மறைத்துக்கொள்ளும். ‘ஏதோ இறங்கல போல’ என்று அவரும் விட்டுவிடுவார். உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி எல்லாம் வேறொருவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஏபிகே ஒன்றை இறக்கிய பிறகு ஐகான் தெரியவில்லை என்றால் அதே நிமிடம் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைக்க வேண்டும். சிம்மைக் கழற்றி ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு, முதலில் வங்கியை அழைத்துக் கணக்கில் பணம் எடுப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும். *#21# அடித்தால் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். ##002# அடித்தால் அந்தத் திருப்பல் ரத்தாகும். இதற்குப் பிறகுதான் போனை எடுத்து, செட்டிங்ஸின் ஆப்ஸ் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி நீக்க வேண்டும்.

பணம் போயிருந்தால் 1930. இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனையின் யுடிஆர் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே போவதால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால்தான் வழியில் நிறுத்த முடியும். மறுநாள் காலையில் மகன் திருப்பூரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் நிறுத்த எதுவும் மிஞ்சாது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிய வேண்டும். கைவராவிட்டால் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து செய்யலாம்.

பிறகு காவல் நிலையம். இங்கேதான் சனங்களை அலைய விடுகிறார்கள். நிலையத்துக்குப் போனால் ‘இது சைபர் கிரைம், தூத்துக்குடிக்குப் போங்க’ என்பது. வங்கிக்குப் போனால் ‘எஃப்ஐஆர் கொண்டுவாங்க’ என்பது. அறுபது கிலோமீட்டர் போய்வர ஒரு நாள் கூலியைவிட அதிகம் செலவாகும் என்று இவர்கள் யாருக்கும் தோன்றுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. புகாரை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதையே எழுதிப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கும் அதே பிரிவில் இடமிருக்கிறது.

வங்கிக்கும் எழுத்தில்தான் சொல்ல வேண்டும். மேலாளரிடம் வாயால் அழுதுவிட்டு வந்தால் எந்த ஆதாரமும் இருக்காது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே கிடையாது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி சொன்னாலும், தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. கவனக்குறைவு என்று நிரூபிப்பதும் வங்கியின் வேலை. அதனால் புகார் எண், தேதி, நேரம் மூன்றும் காகிதத்தில் இருக்க வேண்டும். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், விவரத்துக்கு 14448.

அழிந்துபோன படம், கோப்பு விஷயத்துக்கு வருவோம். இங்கே எதிரி நாள்கணக்குதான். கூகுள் போட்டோஸில் அழித்த படம், பேக்கப் ஆகியிருந்தால் 60 நாள், ஆகாதிருந்தால் 30 நாள் ‘டிராஷ்’ அல்லது ‘பின்’ என்ற இடத்தில் கிடக்கும். சாம்சங் கேலரியின் டிராஷில் 30 நாள். கூகுளின் ஃபைல்ஸ் ஆப்பிலும் டிரைவிலும் 30 நாள். ஐபோனில் ‘ரீசன்ட்லி டெலிட்டட்’ ஆல்பத்திலும் ஏறக்குறைய அவ்வளவே. கேலரியில் இல்லையென்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள்; கேலரிக்கு ஒரு டிராஷ், கூகுள் போட்டோஸுக்கு ஒரு டிராஷ், ஃபைல்ஸுக்கு ஒரு டிராஷ் என்று மூன்றும் தனித்தனி. மூன்றையும் திறந்து பாருங்கள். படத்தைத் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் பழைய இடத்துக்கே போய்விடும்.

கூகுள் போட்டோஸில் தடுமாறாதவர் இல்லை. ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தால் பேக்கப் ஆன படம் போனிலிருந்து மட்டும் போகும், கூகுளில் இருக்கும். ஆனால் ‘கூகுள்ல தான் இருக்கே’ என்று அதே ஆப்பிலிருந்து ‘டெலிட்’ கொடுத்தால் போன், கூகுள் இரண்டிலிருந்தும் போகும். போனில் இடம் பிடிக்கிறதென்று மொத்தமாக அழித்துவிட்டு, 60 நாள் கழித்துக் காப்பீட்டுக்குப் படம் தேடுபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு என்றால், ஃபைல்ஸ் ஆப்பில் ‘ஆண்ட்ராய்டு’, ‘மீடியா’, ‘காம்.வாட்ஸ்அப்’, ‘வாட்ஸ்அப்’, ‘மீடியா’ என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் ‘வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ்’, ‘வாட்ஸ்அப் இமேஜஸ்’ என்ற ஃபோல்டர்கள் இருக்கும். உரையாடலில் அழிந்தது அங்கே தப்பியிருக்கலாம். உரையாடலே அழிந்துவிட்டதா? ஆப்பை நீக்குவதற்கு முன்னால் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் பக்கத்தில் கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று பாருங்கள். அழிப்பதற்கு முந்தைய தேதியாக இருந்தால் மட்டும் ஆப்பை நீக்கி, அதே எண்ணில், அதே கூகுள் கணக்கில் மறுபடி நிறுவ வேண்டும். அப்போது ‘ரீஸ்டோர்’ கேட்கும். அவசரத்தில் ‘ஸ்கிப்’ தொட்டுவிடாதீர்கள். புதிய பேக்கப் ஓடினால் கூகுள் டிரைவில் இருக்கும் பழையதன்மேல் எழுதிவிடும் என்பதால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவும் கூடாது.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்றை யாரும் நினைப்பதில்லை. அனுப்பியவரிடம் கேளுங்கள்; நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவரிடம் கேளுங்கள். கடலைமிட்டாய் ஆர்டர் போன வியாபாரியின் போனில் பில் இருக்கும். சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப்பில் பத்திரத்தின் படம் இருக்கும்.

டிராஷிலும் இல்லாததை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஆப்களை நம்ப வேண்டாம். குறியாக்கம் உள்ள போனில் அவை காட்டுவது பெரும்பாலும் முன்பே தேங்கிக்கிடந்த சின்னஞ்சிறு படங்களைத்தான். அதற்குள் உங்கள் கேலரி, தொடர்பு எண்கள் அத்தனைக்கும் அனுமதி வாங்கிவிடும். சில ஆப்கள் பணமும் கேட்கும். வேண்டாம்.

மெமரி கார்டில் இருந்த படத்துக்கு மட்டும் கதை வேறு. அதில் அழிப்பது வரப்புக்கல்லைப் பிடுங்குவது போன்றது. மற்றொருவர் ஏர் பூட்டி உழும் வரை விளைச்சல் அங்கேயே நிற்கும். அழிந்தது தெரிந்ததும் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் கார்டைக் கழற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரில் ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளால் பல நேரம் மீட்கலாம். மீட்டதை வேறொரு இடத்தில் சேமிக்க வேண்டும், அதே கார்டில் கூடாது.

போனில் இருந்தது அரசு ஆவணத்தின் படம் என்றால் அதை மீட்கக் காசு செலவழிப்பதே வீண். பட்டா, சிட்டாவை வருவாய்த் துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்துக் கட்டணமின்றி எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று ஆகியவை டிஜிலாக்கரில் வரும். அதில் துறையே வழங்கிய ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017இல் விதியிலேயே சேர்த்தாகிவிட்டது. ‘போன்ல காட்டாதீங்க, ஒரிஜினல் கொண்டாங்க’ என்று இன்னமும் சொல்லும் அலுவலர்களுக்கு அந்த விதியை யார் சொல்லித்தருவது?

மானாவாரி விவசாயிக்குப் பயிர்க் காப்பீட்டு ரசீதுதான் உயிர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையைக் கரிசல் காடு மறக்கவில்லை. பயிரோடு எத்தனையோ போன்களும் நனைந்தன. பிரதமரின் பயிர்க் காப்பீட்டு விதிப்படி, உள்ளூர்ப் பேரிடர் இழப்பையும் அறுவடைக்குப் பிந்தைய இழப்பையும் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். படம் அழிந்துவிட்டது, ரசீதைக் காணோம் என்று அந்த மூன்று நாளையும் செல்போன் கடையில் கழிப்பவர்கள் உண்டு. முதலில் 14447க்கு அழைத்துத் தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது போயிருந்தால் பதிந்த பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ விண்ணப்ப எண்ணைக் கேட்டு மறுபிரதி எடுக்கலாம். அடங்கல் கிராம நிர்வாக அலுவலரிடம். அலைக்கழித்தால் வேளாண் உதவி இயக்குநருக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து எண் வாங்குங்கள். வயலைப் படமெடுத்து அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் எடுத்த தேதியும் இடமும் அதிலிருந்து உதிர்ந்துவிடும்.

வழக்குக்குத் தேவையான உரையாடலோ படமோ இருந்தால் போனையே பத்திரப்படுத்த வேண்டும். பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். வக்கீலைப் பார்க்கும் வரை அந்தப் போனில் எதையும் நீக்காதீர்கள்.

கடைசியாகக் கடை. போனைக் கொடுக்கும்போது என்ன வேலை என்று எழுதிய ரசீது கேளுங்கள். அதில் ‘ஃபார்மேட் செய்யக் கூடாது’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கேளாமல் அழித்திருந்தால் அது நுகர்வோர் சட்டப்படி சேவைக் குறைபாடு. 1915 என்ற உதவி எண்ணில் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த ரசீது இல்லாமல் போனால், ‘அவங்கதான் அடிக்கச் சொன்னாங்க’ என்று கடைக்காரர் சொல்வதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.