கவுன்சலிங்... முதல் செஷனில் என்ன நடக்கும்?

கவுன்சலரின் எண்ணை போனில் சேமித்து வைத்துவிட்டு, மாதக்கணக்கில் அழைக்காமலே இருப்பவர்கள் நிறைய பேர். காய்ச்சலுக்குப் போனால் டாக்டர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். கவுன்சலிங் அறைக்குள் என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது. 'அழுதுட்டா அசிங்கமாயிடுமே', 'வீட்டுல சொல்லிடுவாங்களோ', 'பைத்தியம்னு நினைச்சுடுவாங்களோ' என்ற தயக்கத்திலேயே பலர் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்தத் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

யாரிடம் போகிறோம்?

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்த மனநல மருத்துவர். மருந்து எழுதுவார். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் பரிசோதனைகள் செய்வார், பேச்சு மூலம் சிகிச்சை தருவார். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கவுன்சலர்களில் உளவியல், சமூகப் பணி போன்றவற்றில் முதுகலை முடித்தவர்களும் இருக்கிறார்கள், சில வார கோர்ஸோடு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே படிப்பு, அனுபவம், கட்டணம் ஆகியவற்றைக் கேட்டுவிடலாம். வர முடியாமல் போனால் எவ்வளவு நேரத்துக்கு முன்பு சொல்ல வேண்டும் என்பதையும் கேட்கலாம். நல்ல கவுன்சலர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் நாள் கேள்விகள்

ஒரு செஷன் பொதுவாக 45 முதல் 60 நிமிடங்கள். முதலில் ஓர் ஒப்புதல் படிவம் தரக்கூடும். அவசரப்படாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். பிறகு தூக்கம், பசி, வேலை, குடும்பம், சாப்பிடும் மாத்திரைகள், குடிப்பழக்கம், முன்பு எடுத்த சிகிச்சை என்று கேள்விகள் வரும். 'உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?' என்றுகூட நேரடியாகக் கேட்கலாம். இது வழக்கமான கேள்விதான். கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. 'அதை அப்புறம் சொல்றேனே' என்றால் போதும். அழுகை வந்தால் அழலாம். கவுன்சலருக்கு அது புதிதல்ல.

தீர்ப்பு கிடைக்காது

'தப்பு என் மேலயா, அவர் மேலயா?' என்று தெரிந்துகொள்ளப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். கவுன்சலர் நாட்டாமை அல்லர். வந்தவரே யோசித்து முடிவெடுக்க உதவுவதுதான் அவர் வேலை. முதல் செஷனில் அவர் அதிகம் கேட்பார், குறைவாகவே பேசுவார். கடைசியில், எதை மாற்ற வேண்டும், எத்தனை நாள்களுக்கு ஒருமுறை வர வேண்டும் என்று இருவரும் சேர்ந்து பேசி முடிவு செய்வார்கள். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி முறைக்கு, பொதுவாக 6 முதல் 20 செஷன்கள் வரை ஆகும்.

வெளியே வரும்போது சிலருக்கு மனம் லேசாகும். சிலருக்குப் பழைய காயத்தைக் கிளறியதுபோல் உடம்பே சோர்ந்துவிடும். இரண்டுமே இயல்பு. அன்று உடனே வேறு முக்கிய வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

ரகசியம் காக்கப்படுமா?

வந்தவர் 18 வயது நிறைந்தவர் என்றால், அவர் சொன்னதைக் கணவரிடமோ பெற்றோரிடமோ கவுன்சலர் சொல்லக் கூடாது. கட்டணத்தை அவர்களே கட்டினாலும் இதுதான் முறை. விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலோ, நீதிமன்றம் உத்தரவிட்டாலோ சொல்ல வேண்டியிருக்கும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் நாளே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

சிறுவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதம் தேவை. பெற்றோரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைப் பிள்ளையின் முன்னிலையிலேயே பேசிவிடுவது நல்லது. வீட்டுக்கு வரும் வழியில் 'என்னடா சொன்ன உள்ள?' என்று துருவிக் கேட்டால், அடுத்த செஷனில் அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

சரிவரவில்லை என்றால்?

இரண்டு மூன்று செஷன்களுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், அதை அவரிடமே சொல்லலாம், வேறு ஒருவரிடமும் போகலாம். ஆனால், 'இத்தனை நாளில் குணமாக்குகிறேன்' என்று உத்தரவாதம் தருபவர், மருத்துவம் படிக்காமல் மாத்திரை தருபவர், 'விவாகரத்து பண்ணிடுங்க' என்று முடிவைத் திணிப்பவர், தேவையில்லாமல் தொடுபவர் என்றால், உடனே விலகிவிட வேண்டும்.

கட்டணம் கட்டுப்படியாகவில்லையா? அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-ல், 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் அப்பாயின்ட்மென்ட் தேதி வரை காத்திருக்க வேண்டாம். இன்றே அழைக்கலாம்.

மற்றவர்கள் செய்ய வேண்டிய தயாரிப்பு சிறியதுதான். எது தொந்தரவு செய்கிறது, எப்போதிலிருந்து, எது மாறினால் நிம்மதி என்று மூன்று வரி எழுதி எடுத்துப் போகலாம். பேச்சு வராமல் தொண்டை அடைத்தால், அந்தத் தாளை நீட்டினாலே போதும். மீதியைக் கவுன்சலர் கேட்டுக்கொள்வார்.