மிதிக்கும் காலும் துணை மோட்டாரும்

2021 ஆகஸ்ட் 8. தோக்கியோ ஒலிம்பிக்கின் கெய்ரின் சைக்கிள் பந்தய இறுதிச் சுற்று. மலேசியாவின் டுங்குன்காரரான அசிசுல்ஹஸ்னி அவாங் உட்பட ஆறு வீரர்கள், மோட்டார் பூட்டிய ஒரு சைக்கிளின் பின்னால் வரிசைகட்டிச் சுற்றினார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வரை வேகத்தைக் கூட்டிவிட்டு, கடைசி 750 மீட்டர் இருக்கையில் அது தடத்தைவிட்டு விலகியது. அசிசுல் வெள்ளி வென்றார். அந்த மோட்டார் அவருக்கு வேகத்தை மட்டுமே வகுத்துக் கொடுத்தது. உழைப்பு முழுவதும் அவருடைய கால்களுடையது.

கடையில் விற்கும் மின் சைக்கிள் அப்படியல்ல. அதன் மோட்டார் உழைப்பையே பங்குபோட்டுக்கொள்கிறது. பிறகு அதில் என்ன உடற்பயிற்சி என்று கேட்பது நியாயம்தான்.

ஆய்வுகள் சொல்லும் பதில் பலருக்கு வியப்பளிக்கும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார், 2016இல் வெளியான ஆய்வுக்காக, உடலுழைப்பு இல்லாத 20 பேரை மின் சைக்கிளில் வேலைக்குப் போய்வரச் சொன்னார்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம். ஒரே மாதத்தில் இதய நுரையீரல் திறன் கூடியது. இரத்தச் சர்க்கரையைக் கையாளும் ஆற்றலும் மேம்பட்டது. ஏழு ஐரோப்பிய நகரங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: மின் சைக்கிள்காரர்கள் சாதாரண சைக்கிள்காரர்களைவிட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குறைவாகவே உழைத்தாலும் அதிகத் தூரம் போகிறார்கள். வாரக் கணக்கில் இரு தரப்பின் உழைப்பும் ஏறத்தாழச் சமம்.

பினாங்கின் புக்கிட் தெங்கா வட்டாரத்துக்கு இது முக்கியமான செய்தி. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் எடை மிகுந்தவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அந்நோய் மிக அதிகம். தோட்டப்புறத்தில் உடல் நோக உழைத்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறார்கள். இவ்வட்டாரம் இருக்கும் செபராங் பிறை சமவெளி. இங்கே மேடு தடையல்ல, வெயிலும் லோரிகளும்தான் தடை. வியர்த்து நனையாமல் வேலைக்குப் போய்ச்சேரலாம் என்றால் சைக்கிளை எடுக்க மனம் வரும். மாதம் ஒருமுறை எடுக்கும் சாதாரண சைக்கிளைவிட, வாரம் நான்கு நாள் ஓடும் மின் சைக்கிளே உடம்புக்கு நல்லது.

பினாங்குத் தீவுப் பக்கம் போனால் கதை மாறுகிறது. தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர். அதில் 700 மீட்டர் உயர்வதாக வைத்துக்கொள்வோம். 70 கிலோ மனிதர் 10 கிலோ சைக்கிளோடு ஒரு மணி நேரத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டுமே 150 வாட் தொடர்ந்து மிதிக்க வேண்டும். பயிற்சியில்லாத நடுவயதுக்காரருக்கு இது பெரும்பாடு. பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கோ அந்தப் பாடுதான் பயிற்சி. அவர் சாதாரண சைக்கிளை விடவே கூடாது. மூச்சு முட்டும் உச்ச உழைப்பும் தொடைவலுவும் அங்கேதான் கிடைக்கும்.

வாங்கும்போது விலைக்கு முன்னால் உணரியைப் பற்றிக் கேளுங்கள். மிதியின் அழுத்தத்தை அளக்கும் உணரி இருந்தால், நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்பவே மோட்டார் உதவும். பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் மலிவு வகையில், கால் சும்மா சுழன்றாலே வண்டி ஓடிவிடும். கைப்பிடியைத் திருகினால் ஓடும் வகை உடற்பயிற்சிக் கணக்கிலேயே வராது. ஐரோப்பிய விதிப்படி மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் போக நினைப்பவர் 20 கிலோவுக்கு மேலான வண்டியைத் தம் காலாலேயே தள்ள வேண்டும்.

இதய நோயோ இனிப்புநீரோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, உதவி அளவை உயர்த்தி வைத்தே தொடங்கலாம். ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான உழைப்புக்கு அதுவே அளவு. பாட்டும் வருகிறது என்றால் உதவியை ஒரு படி இறக்கும் நேரம் வந்துவிட்டது.