தலைமுடி உதிர்தலும் அதற்கான சிகிச்சையும்: மார்க்கத்தின் பார்வையில்

 

  

கொச்சிக்கடையில் வசிக்கும் ஒரு தாய், ஜும்ஆவுக்குப் பின்னர் பள்ளிவாசல் வாயிலில் காத்திருந்து ஒரு விடயத்தைக் கேட்டார். அவரது மகனுக்கு வயது 24. முன்தலையில் முடி குறைந்துவிட்டது. பெண் பார்க்கும் பேச்சு எடுத்தாலே மகன் எழுந்து போய்விடுகிறார். தொப்பி அணியலாம் என்பதற்காகவே பள்ளிக்கு வருவதில் ஆறுதல் காண்கிறார். கல்யாண வீடுகளுக்குப் போவதேயில்லை. இப்போது துருக்கிக்குச் சென்று முடி நடுகை செய்துகொள்ள வேண்டும் என்கிறார். அதற்காகத் தமது நகைகளைச் செட்டியார் தெருவில் அடகு வைக்கலாமா என்று யோசிப்பதாக அந்த உம்மா சொன்னார். "மௌலவி, இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது இல்லையா?" என்பதுதான் அவரது கேள்வி. நகையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதைப் பற்றியும் பின்னர் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடந்து போகக் கூடாது. வழுக்கையைக் கேலி செய்வது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. மாமாவும் மச்சானும் விருந்தில் சொல்லும் ஒரு சொல், ஓர் இளைஞனை மாதக்கணக்கில் அறைக்குள் அடைத்துவிடுகிறது. ஆனால் இஸ்லாமிய வரலாற்றைப் புரட்டினால் நிலைமை வேறு. உமர் (ரழி) அவர்களுக்கும் அலீ (ரழி) அவர்களுக்கும் முன்தலையில் முடி இருக்கவில்லை என்பதை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உமர் (ரழி) அவர்கள் ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட சம்பவத்தை அறிவிக்கும் அப்துல்லாஹ் பின் ஸர்ஜிஸ் (ரழி) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அறிவிப்பில் கலீஃபாவை முன்தலை வழுக்கையானவர் என்ற பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அது இகழ்ச்சியாகச் சொல்லப்பட்டதல்ல. நெடியவர், கறுத்தவர் என்று அடையாளம் சொல்வதைப் போன்றது.

அரபு மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. இயல்பாக முன்தலையில் முடி பின்வாங்கிப் போனவர் 'அஸ்லஃ'. நோயினால் தலைமுடியை இழந்தவர் 'அக்ரஃ'. புகாரியிலும் முஸ்லிமிலும் அபூ ஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும், பனூ இஸ்ராயீல் சமூகத்து மூவரின் சம்பவத்தில் வருபவர் அக்ரஃ. வெண்குஷ்ட நோயாளி, அக்ரஃ, பார்வையற்றவர் ஆகிய மூவரையும் சோதிக்க அல்லாஹ் ஒரு மலக்கை அனுப்பினான். அழகான முடி வேண்டும், மக்கள் அருவருக்கும் இந்நிலை நீங்க வேண்டும் என்று இரண்டாமவர் கேட்டார். மலக்கு தடவினார், முடி முளைத்தது, சினைப் பசு ஒன்றும் கொடுக்கப்பட்டது. செல்வம் பெருகிய பின் அதே மலக்கு ஏழையாக வந்து கேட்டபோது அவர் கையை விரித்துவிட்டார். சம்பவத்தின் மையம் நன்றியுணர்வுதான். எனினும் உலமாக்கள் இதிலிருந்து வேறொன்றையும் விளங்கினார்கள்: முடி வேண்டும் என்று ஆசைப்படுவதே பாவமாக இருந்திருந்தால், அல்லாஹ்வின் உத்தரவோடு வந்த மலக்கு அதை நிறைவேற்றியிருக்கமாட்டார். ஷெய்க் இப்னு உஸைமீன் (ரஹ்) அவர்கள் முடி நடுகை கூடும் என்று கூறியபோது, இழந்ததை மீட்பது வேறு, இல்லாத அழகைச் சேர்ப்பது வேறு என்று பிரித்துக் காட்டி, இச்சம்பவத்தையும் முன்வைத்தார்கள்.

இங்கே அந்தத் தாயின் ஐயத்துக்கு வருவோம். ஒட்டுமுடி வைப்பவரையும் வைத்துக்கொள்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். நோயினால் முடி கொட்டிய தன் மகளுக்குத் திருமணம் நெருங்கியிருக்க, ஒட்டுமுடி வைக்கலாமா என்று கேட்ட அன்ஸாரிப் பெண்ணுக்கும் அன்னார் அனுமதி கொடுக்கவில்லை. அப்படியாயின் நடுகைக்கு மட்டும் எப்படி அனுமதி? ஒட்டுமுடி என்பது தன்னுடையதல்லாத ஒன்றைத் தன்னுடையதாகக் காட்டுவது. நடுகையில், அவரது பின்தலையில் இருக்கும் முடியே வேரோடு எடுக்கப்பட்டு முன்தலையில் ஊன்றப்படுகிறது. அது அங்கே வளர்கிறது, நரைக்கிறது, சிரைத்தால் மீண்டும் முளைக்கிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்து அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் வைத்துக்கொள்ளும்படி நபியவர்கள் பணித்ததை அபூ தாவூத், திர்மிதீ ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். ஆணுக்குத் தங்கம் ஹராம் என்றிருந்தும், குறையை நீக்குவதற்காக அது அனுமதிக்கப்பட்டது. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும், அழகுச் சத்திர சிகிச்சை பற்றிய தனது 173ஆம் இலக்கத் தீர்மானத்தில், உதிர்ந்த முடிக்கான நடுகையை அனுமதிக்கப்பட்டவற்றுள் சேர்த்தது.

ஆகவே விக் அணிவதையும் நடுகையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. சலூன்களில் பசையால் ஒட்டிவிடும் 'ஹெயார் பேட்ச்' பற்றியும் கேட்கிறார்கள். அது ஒட்டுமுடியின் வகையே. போதாததற்கு, குளிப்பு கடமையானவரின் தலைத்தோலுக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் அது தடுத்துவிடுகிறது. பெண் பார்க்க வரும் நாளில் அதை அணிந்து ஏமாற்றினால் மோசடியும் சேர்ந்துகொள்கிறது. வழுக்கை என்பது நிகாஹை முறிக்கும் குறையாக நமது ஷாஃபிஈ மத்ஹபில் எண்ணப்படவில்லை. அதை மறைத்துச் சொல்லும் பொய்தான் வீட்டைப் பாழாக்குகிறது.

இனி மருந்துகளுக்கு வருவோம். முதலில், எல்லா உதிர்வும் ஒன்றல்ல. தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. வட்டமாகக் கொட்டினால் புழுவெட்டாக இருக்கலாம். தைரொயிட் கோளாறு, இரும்புச் சத்துக் குறைவு, கடும் காய்ச்சலுக்குப் பின்னான உதிர்வு என்றும் காரணங்கள் உண்டு. கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவில் கட்டணமின்றிக் காட்டலாம். அங்கு போகாமல் விளம்பரத்தைப் பார்த்துப் போத்தல் வாங்குகிறோம். கருஞ்சீரகத்தைப் பற்றிய ஹதீஸ் ஸஹீஹானது. ஆனால் 'வழுக்கையில் 30 நாளில் முடி' என்று எண்ணெய்ப் போத்தலில் அச்சடித்திருப்பது ஹதீஸ் அல்ல. நபியின் சொல்லை வியாபாரத்துக்குச் சாட்சியாக்குவோர் அல்லாஹ்வைப் பயந்துகொள்ளட்டும்.

ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குக் காரணம், டெஸ்டோஸ்டெரோன் எனும் ஆண் ஹோர்மோன் ஒரு நொதியத்தால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோனாக மாறுவதாகும். அது முன்தலை, உச்சந்தலை முடிவேர்களைப் படிப்படியாகச் சுருக்குகிறது. பின்தலை வேர்களுக்கு அதனால் பாதிப்பில்லை. இதனால்தான் எல்லாம் போன பின்பும் பின்னால் ஒரு வளையம் மிஞ்சுகிறது. நடுகைக்கு அங்கிருந்து எடுப்பதும் அதனால்தான். நியூயோர்க் வைத்தியர் நோர்மன் ஒரென்ட்ரைக், இடம் மாறினாலும் முடி தன் பழைய இடத்தின் இயல்பையே கொண்டிருக்கும் என்பதை 1950களில் நிறுவினார். அதற்கு முன்பே, 1939இல், ஜப்பானியரான ஒகுடா தீக்காயத் தழும்புகளில் முடி நட்டு எழுதியிருந்தார்.

மருந்துகளில் ஆதாரமுள்ளவை இரண்டு. மினொக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. உட்கொண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்வதைக் கண்டு, தலையில் பூசும் திரவமாக்கினார்கள். 1988இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. முதல் சில வாரங்களில் உதிர்வு அதிகரிக்கும், பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது வேண்டும். நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். பூனை வளர்க்கும் வீட்டார் கவனமாக இருங்கள்: இந்தத் திரவம் பூனைக்குக் கொடிய நஞ்சு. அபூ ஹுரைரா (ரழி) அவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு பூனையைக் கொன்றுவிடாதீர்கள்.

இத்திரவத்தில் மதுசாரம் கலந்திருக்கும். அசுத்தமா, தொழலாமா? தொழிற்சாலையில் தயாராகும் மதுசாரத்தைப் பற்றிச் சமகால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிகிச்சைக்காக வெளியே பூசுவதைப் பலர் அனுமதிக்கிறார்கள். மனம் ஒப்பாதவர் இஷாவுக்குப் பின் பூசி, சுப்ஹுக்கு முன் தலையைக் கழுவிக்கொள்ளட்டும். நான்கு மணி நேரம் தோலில் இருந்தால் போதும்.

இரண்டாவது பினாஸ்டெரைட் மாத்திரை. மேற்சொன்ன நொதியத்தைத் தடுப்பது இதுவே. சுக்கிலச் சுரப்பி வீக்கத்துக்காக 1992இலும், சிறிய அளவில் முடிக்காக 1997இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் வெட்கத்தால் மறைக்காமல் சொல்கிறேன்: சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறைகிறது, பலவீனம் ஏற்படுகிறது, அரிதாகச் சிலருக்கு நிறுத்திய பின்னும் அது நீடித்ததாக முறையிடப்பட்டிருக்கிறது. மனச்சோர்வும் உண்டு, தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவே என ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2025இல் உறுதிப்படுத்தியது. முடிக்காக மனமுடைந்திருக்கும் பிள்ளைக்கே இந்த மாத்திரை கொடுக்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளை திடீரென ஒதுங்கினால், தொழுகையில் சோர்ந்தால், ஈமான் குறைந்துவிட்டது என்று ஏசுவதற்கு முன் என்ன மாத்திரை எடுக்கிறாய் என்று கேளுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. ஆண் சிசுவைப் பாதிக்கும். பள்ளிவாசல் இரத்ததான முகாமுக்கு வருபவர் இதை உட்கொள்வதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நிறுத்தி ஒரு மாதமாவது கழியாமல் இரத்தம் கொடுக்கக் கூடாது.

நடுகையைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாதவை பல. நட்ட முடி சில வாரங்களில் கொட்டிவிடும்; மூன்று நான்கு மாதத்தில் மீண்டும் முளைத்து, முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். பின்தலையில் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஆகவே கையிருப்பு குறைவு. 22, 23 வயதில் அவசரப்பட்டால், நட்ட முடி முன்னால் நிற்க, அதன் பின்னால் இருந்த சொந்த முடி உதிர்ந்து, நடுவில் வெட்டவெளியாகிவிடும். அந்த உம்மாவிடம் நான் சொன்னதும் இதுதான்: இப்போதைக்கு மருந்தா, நடுகையா, எதுவும் வேண்டாமா என்பதைத் தோல் வைத்தியர் சொல்லட்டும், மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இது சிறு காரியமும் அல்ல. 2016இல் சென்னையில் 22 வயதான மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடுகையின்போது உடல்நிலை பாதிக்கப்பட்டு, பின்னர் வேலூரில் உயிரிழந்தார். அந்த நிலையத்துக்கு அழகு நிலையத்துக்கான அனுமதி மட்டுமே இருந்ததாக அதிகாரிகள் கண்டு அதை மூடினார்கள். மருத்துவம் படித்தவரே ஏமாந்த இடம் இது. எனவே, செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற வைத்தியரா, இடம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான தனியார் மருத்துவ நிறுவனமா, மயக்க மருந்தைக் கண்காணிப்பவர் யார் என்று கேளுங்கள். கேட்பதைக் குற்றமாகக் கொள்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

இப்போது நகை. அடகுக் கடையில் வட்டி கொடுத்துப் பணம் பெறுவது ஹராம். முடி இல்லாததால் உயிர் போவதில்லை. இது நிர்ப்பந்தம் அல்ல. ஆகுமான ஒரு சிகிச்சைக்கு ஆகாத பணத்தால் போக முடியாது. கையில் மிச்சமிருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் பொறுக்கலாம். ஐம்பது, அறுபது வயதைக் கடந்த வாப்பாமார் பேரப்பிள்ளைகளின் கல்யாணச் செலவை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்குப் பறப்பதை நான் விரும்பவில்லை. அந்த வயதில் முடி குறைவது குறையல்ல, இயல்பு.

செய்துகொள்பவருக்குச் சில சட்டங்கள். சிகிச்சை ஆறு முதல் எட்டு மணி நேரம் நீடிக்கலாம். நோயாளி விழித்தே இருப்பார், இடைவேளையும் உண்டு. ளுஹரையும் அஸரையும் அதில் தொழுதுகொள்ள முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதன்பின் சில நாட்களுக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது என்பார்கள். வுழூவில் நமது மத்ஹபின்படி தலையின் ஒரு சிறு பகுதியைத் தடவினாலே போதும். காயமில்லாத ஓரிடத்தை ஈரவிரலால் தொடலாம். வழுக்கையானவர் முகத்தைக் கழுவும்போது வழக்கமாக முடி முளைக்கும் எல்லைவரை கழுவினால் போதும், அதற்கு மேலுள்ள வெற்றிடம் தலையைச் சேர்ந்தது என்று நமது இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார்கள். குளிப்பு கடமையானால் ஏனைய உடலைக் கழுவி, தண்ணீர் படாத பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். நெற்றி வீங்கி ஸுஜூத் செய்ய வைத்தியர் தடுத்தால் சைகையால் தொழலாம். தொழுகையை விட முடியாது.

ஹஜ், உம்ராவில் தலையில் முடியே இல்லாதவர் என்ன செய்வது என்றும் ஒரு சகோதரர் கேட்டிருந்தார். சிரைக்க அவருக்கு எதுவும் இல்லை. தலைமீது கத்தியை ஓடவிடுவது ஸுன்னத்தாகும். நடுகை செய்து முடி முளைத்தவரோ மற்றவர்களைப் போலவே சிரைக்க வேண்டும், அல்லது குறைந்தது மூன்று முடிகளையாவது கத்தரிக்க வேண்டும். சிரைத்தால் நட்ட வேர் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. முழுமையாக ஊன்றிய பின் அது மறுபடியும் வளரும்.

வல்லாஹு அஃலம்.