"பேக்கப் இருக்குல்லா, தம்பி?"

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். ஜூலை மாதம், சாரல் விடாமல் அடிக்கிறது, ஐந்தருவிப் பாதை முழுக்க வண்டிகள். கரண்ட் போய்ப் போய் வந்ததில், வரவேற்பறைக்குப் பின்னால் இருந்த சர்வரின் டிஸ்க் படுத்துவிட்டது. முன்பதிவு, அட்வான்ஸ், ஜிஎஸ்டி பில், தங்கியவர்களின் ஆதார் நகல் எல்லாம் அதில்தான். உரிமையாளர் அண்ணாச்சி பதறவில்லை. "பேக்கப் இருக்குல்லா, தம்பி? தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுதுன்னு நீதானே சொன்னே" என்றபடி யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். என் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன். கடைசிக் கோப்பு மார்ச் மாதத்தோடு நின்றிருந்தது.

"அப்போ நாலு மாசமா அது என்னதான் பண்ணுச்சு?"

மார்ச்சில் ஒருநாள் கரண்ட் போய் சர்வர் மறுபடி எழுந்தபோது யூஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஃபோல்டரின் பெயர். டிஸ்க் இணையாவிட்டாலும் அந்தப் பெயரில் ஒரு காலி ஃபோல்டர் சர்வருக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு இரவும் நகல் அதில்தான் போய் விழுந்தது. அதாவது, எந்த டிஸ்க் போனால் உதவ வேண்டுமோ அந்த டிஸ்க்கிலேயே. எனக்கு வரும் மின்னஞ்சலில் தினமும் 'வெற்றி' என்று இருந்தது. நானும் திறக்காமலே தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த ஸ்கிரிப்டை எழுதியவனும் நான்தான். 'மவுண்ட் ஆகியிருக்கிறதா, இல்லையென்றால் நின்று கூச்சல் போடு' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

பெரிய இடங்களிலும் இதுதான் கதை. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் சுமார் 77 டெராபைட், ஏறக்குறைய 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. அழித்தது பேக்கப் ஸ்கிரிப்டேதான். பத்து நாளுக்கு மேற்பட்ட லாக் கோப்புகளைத் துடைக்கும் பகுதி அதில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டின் மேலேயே புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ், அதை முழுக்கப் படித்து முடித்துவிட்டு ஓடுவதில்லை. படிக்கப் படிக்க ஓடும். பாதியில் புது வரிகளுக்குள் புகுந்தது. எந்த ஃபோல்டரைத் துடைப்பது என்று சொல்லும் மாறிக்கு அங்கே மதிப்பே இல்லை. லாகுகளுக்குப் பதில் ஆராய்ச்சியாளர்களின் கோப்புகள் துடைபட்டன. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் தரவு திரும்பவே இல்லை. வரையறுக்காத மாறியைக் கண்டதும் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'செட் மைனஸ் யூ' என்ற சின்னக் கட்டளையை அன்றிலிருந்து நான் எந்த ஸ்கிரிப்டிலும் விடுவதில்லை.

'பழசைக் கழி' என்ற விதி குற்றாலம் இருக்கும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஏட்டுச்சுவடி நைந்தால் புதிதாகப் பெயர்த்தெழுதி, பழையதை ஆற்றிலோ நெருப்பிலோ சேர்ப்பது வழக்கம். சுவடி தேடி கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போன உ.வே.சா.வுக்கு, ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டாயிற்று என்ற பதில்தான் கிடைத்தது. 'என் சரித்திரம்' நூலில் அதை எழுதியிருக்கிறார். கழிக்கும் சடங்கு குறைவில்லாமல் நடந்தது, பெயர்த்தெழுதும் வேலை மட்டும் நடக்கவில்லை. புதிய நகல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் பழைய நகலை அழிக்கும் ஸ்கிரிப்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓமகுண்டம்தான் நினைவுக்கு வரும்.

டெலிட் ஆப்ஷனோடு தினமும் ஓடும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் பலர் பேக்கப் என்று நம்புகிறார்கள். அது கண்ணாடி. பகலில் கணக்குப்பிள்ளை தவறி அழித்ததை இரவில் நகலிலும் விசுவாசமாக அழித்துவிடும். தேதி தேதியாகத் தனி நகல்கள் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே டார் மூட்டையாகக் கட்டினால், பிரிக்கும்போது பாதி எழுதிய பக்கங்கள் வரலாம். முதலில் டேட்டாபேஸே எழுதித் தரும் முழு நகலை, அதாவது டம்ப்பை, எடுத்து அதைக் கட்டுங்கள். பூட்டிய பேக்கப்பின் சாவி அதே சர்வரில் மட்டும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு நகலாவது வேறு ஊரில், நெட்வொர்க்கில் ஒட்டாமல் இருக்கட்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் பூட்டியபோது சுமார் இரண்டு வாரம் கைச்சீட்டில்தான் வேலை ஓடியது. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் நோயாளிகளின் தரவு மீண்டது.

இனி சட்டம். லாட்ஜில் கொடுத்த ஆதார் நகல், ஸ்கேன் சென்டரில் உள்ள ரிப்போர்ட் எல்லாம் உங்கள் தரவு. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவு வெளியே கசிந்தால் மட்டுமல்ல, தற்செயலாக அழிந்துபோனாலும் அது மீறல்தான். தரவை வைத்திருப்பவர், பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தகுந்த பாதுகாப்பு வைக்காவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் வந்த விதிகள் பேக்கப் என்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. நிறுவனங்கள் தயாராகப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. அதுவரை சும்மா இருக்கலாம் என்பதில்லை. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களின் மின்னணுக் கணக்குகளுக்கு இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினசரி பேக்கப் வைக்க வேண்டும் என்பது 2022 முதலே விதி.

வேலையை விட்டுப்போன ஆள் கோபத்தில் அழித்துவிட்டுப் போனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் இருக்கின்றன. இழப்பீடும் கேட்கலாம், சிறைத்தண்டனையும் உண்டு. ரான்சம்வேர் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவித்து, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, கோப்பு தவறி அழிந்தால் அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதவிடாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை. டிஸ்க்கை முழுதாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில் மீட்டுப் பாருங்கள்.

அந்த சீசனில் அண்ணாச்சி, வந்தவர்களின் போனில் இருந்த ஸ்க்ரீன்ஷாட்டை நம்பியே அறை கொடுத்தார். இப்போது மாதம் ஒருமுறை கூப்பிட்டு ஏதோ ஒரு பழைய தேதியைச் சொல்வார். நான் ஒரு காலி மெஷினில் பேக்கப்பைப் பிரித்து, அன்றைய பில்லை அச்செடுத்து அவர் மேஜையில் வைக்க வேண்டும். போன முறை நாற்பது நிமிடம் ஆயிற்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையைச் சரிபார்த்தவர், "சரியாத்தான் இருக்கு. ஆனா சீசன்ல இம்புட்டு நேரம் ஆச்சுன்னா வாசல்ல நிக்கிறவன் சும்மா இருப்பானா?" என்றார்.